யாரிடமிருந்து பாதுகாப்பு? வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டாகிராம் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

கொளத்தூரில் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பதாகவும், படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டு ஆர்டர்களை வாட்ஸ்அப்பில் வாங்குவதாகவும், பிளஸ் ஒன் படிக்கும் மகள் பாடக் குறிப்புகளுக்காக டெலிகிராம் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 3 வாரமாகத் தெரியாத எண் ஒன்றிலிருந்து இரவு 11 மணிக்கு மேல் செய்தி வருகிறது. அந்த ஆளுக்கு உங்கள் குடியிருப்பின் பெயரும் தெரிந்திருக்கிறது. "இந்த மூன்றில் எது பாதுகாப்பானது, எதை நீக்கிவிட வேண்டும்?" என்பது உங்கள் கேள்வி. அதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவன் என் எண்ணுக்கும் என் வீட்டு வாசலுக்கும் எந்த வழியாக வந்து சேர்ந்தான், அந்த வழியை எப்படி அடைப்பது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று நினைக்கிறேன். அதற்கு விடை சொல்ல முடியும். எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கோ, யாரிடமிருந்து என்று கேட்டுக்கொள்ளாமல் ஒருவராலும் விடை சொல்ல முடியாது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஓ.எம்.ஆர். சாலை நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகள் செயலிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் வடசென்னைக் கல்லூரிகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் கைப்பேசிப் பாதுகாப்பைச் சொல்லித் தருகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. சட்டத்தைப் பற்றி நான் எழுதுவதை, புகார் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செயலியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் செட்டிங்ஸ் பட்டியல் இடம் மாறுகிறது என்பதால், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எழுதாமல் எதைத் தேட வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

தனியுரிமை, பாதுகாப்பு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். நிறுவனமும் அரசும் நம்மைப் பற்றி எவ்வளவு அறிந்துகொள்ள முடிகிறது என்பது ஒரு கேள்வி. பக்கத்துத் தெருக்காரனோ பழைய வாடிக்கையாளரோ முகம் தெரியாதவனோ நம்மை எவ்வளவு எளிதாக எட்ட முடிகிறது என்பது வேறு கேள்வி. முதலாவதில் நன்றாக இருக்கும் செயலி இரண்டாவதில் மோசமாக இருக்கலாம். வாட்ஸ்அப் 2016 முதல் எல்லாச் செய்திகளையும் முனைக்கு முனை மறையாக்கம் செய்கிறது. அதாவது நீங்கள் அனுப்பும் ப்ளவுஸ் அளவுகளை உங்கள் கைப்பேசியும் வாடிக்கையாளரின் கைப்பேசியும்தான் படிக்க முடியும், இடையில் இருக்கும் நிறுவனத்தால் முடியாது. ஆனால் யார், யாருக்கு, எப்போது, எத்தனை முறை என்பது அதற்குத் தெரியும். உங்கள் குடியிருப்பின் வாயிலில் காவலாளி எழுதும் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது, யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது தெரியும். இன்னொரு ஓட்டையும் உண்டு. கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேமிக்கப்படும் பேக்கப்புக்கு இந்த மறையாக்கம் தானாக வந்துவிடாது. அதற்கெனத் தனி வசதி 2021-ல் வந்தது, அதை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு வலுவான மறையாக்கம் இருந்தும், இரவு 11 மணிக்கு உங்களுக்குச் செய்தி அனுப்புகிறவனை அது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கச் செய்யவில்லை. அவன் அனுப்பும் செய்தியையும் அதே மறையாக்கம்தான் காக்கிறது.

டெலிகிராமில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். அது இரகசியமான செயலி என்ற பெயர் நம் ஊரில் எப்படியோ பரவிவிட்டது. உண்மையில் அதன் வழக்கமான உரையாடல்களும் எல்லாக் குழுக்களும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அவை நிறுவனத்தின் சர்வர்களில் இருக்கின்றன, திறவுகோலும் நிறுவனத்திடமே இருக்கிறது. 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கும் இருவர் உரையாடலுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு. அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனரின் தொலைபேசி எண்ணையும் ஐ.பி. முகவரியையும் தருவோம் என்று நிறுவனம் தன் விதிகளை மாற்றியது. ஆக, நிறுவனத்திடமிருந்து மறைந்திருக்க டெலிகிராம் உதவாது. ஆனால் உங்கள் மகள் ஆயிரம் பேர் கொண்ட பாடக்குழு ஒன்றில் சேர்ந்தால், அங்கிருக்கும் அறிமுகமற்றவர்களுக்கு அவளுடைய எண் தெரியாது, பெயரும் பயனர் பெயரும் மட்டுமே தெரியும். வாட்ஸ்அப்பிலோ ஒரு குழுவில் சேர்ந்த நொடியில் அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் எண் தெரிந்துவிடுகிறது. என் அனுபவத்தில், சென்னையில் பெண்களுக்கு வரும் தொல்லையில் பெரும்பகுதி தொடங்கும் இடம் இந்தக் குழுக்கள்தான்: குடியிருப்புக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பழைய பள்ளித் தோழர் குழு. உங்கள் குடியிருப்பின் பெயரே அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதால், நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் குடியிருப்புக் குழுவையே. அதில் வீட்டுக்காரர்கள் மட்டும் இருப்பதில்லை. காலி செய்துவிட்டுப் போன வாடகைதாரர், தண்ணீர் கேன் போடுகிறவர், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் என்று யாரை எப்போது சேர்த்தார்கள் என்றே யாருக்கும் நினைவிருக்காது.

எனவே இந்தச் செயலிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது தொலைபேசி எண் எப்படிக் கையாளப்படுகிறது என்பதை. ஆதார், வங்கி, கேஸ், ரேஷன், பள்ளி எல்லாவற்றிலும் நம் ஊரில் ஒரே எண்தான் இருக்கிறது. அது வெளியே போனால் மற்ற எல்லாவற்றுக்கும் பாதை திறக்கிறது. 2021-ல் 53.3 கோடி பேஸ்புக் பயனர்களின் விவரங்கள் இணையத்தில் கிடந்தபோது, பலர் யாரோ சர்வரை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். அங்கே எதையும் உடைக்கத் தேவையே இருக்கவில்லை. கைப்பேசியில் இருக்கும் எண்களைக் கொண்டு நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதி ஒன்று இருந்தது. அதில் எண்களை வரிசையாகப் போட்டு, எந்த எண் யாருடையது என்று வாரி எடுத்துவிட்டார்கள். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்காக 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வடிவமைப்பிலேயே பாதுகாப்பு இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2025-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாட்ஸ்அப்பிலும் இதேபோல எண்களைப் போட்டுப் பார்த்து, 350 கோடிக் கணக்குகள் இருப்பதை உறுதிசெய்ய முடிந்தது என்று காட்டினார்கள். அதன்பின் நிறுவனம் இப்படித் தேடுவதற்கு வரம்பு கொண்டுவந்தது. செய்திகளின் மறையாக்கம் அப்போதும் உடையவில்லை. 'எல்லோருக்கும்' என்று திறந்து வைத்திருந்தவர்களின் முகப்புப் படமும், 'அபவுட்' என்ற இடத்தில் எழுதியிருந்த வரியும் எடுக்கக் கிடைத்தன.

அந்தப் படம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வில்லிவாக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் வகுப்பு எடுத்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்து, "இதில் என்ன சார் தெரிந்துவிடப் போகிறது?" என்று கேட்டார். அவர் மகன் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம். இரண்டு விரலால் விரித்ததும் சட்டைப் பையில் இருந்த சின்னத்தில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் நின்ற வேனின் கண்ணாடியில் வழித்தட எண்ணும் ஒட்டியிருந்தது. அவர் எதுவும் பேசாமல் அங்கேயே உட்கார்ந்து படத்தை மாற்றினார்.

எண் விஷயத்தில் மிகக் கவனமாகக் கட்டப்பட்டது சிக்னல் என்ற செய்திச் செயலி. பதிவு செய்ய எண் வேண்டும் என்றாலும், 2024 முதல் அது மற்றவர்களுக்குக் காட்டப்படுவதில்லை. உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். பயனர் பெயரைக் கொடுத்தே பேசலாம், எண்ணைக் கொண்டு என்னைத் தேட முடியக் கூடாது என்றும் வைத்துக்கொள்ளலாம். 2016-ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று அதனிடம் ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அதனால் தர முடிந்தது. வேறெதையும் அது சேகரித்து வைத்திருக்கவில்லை. இத்தனை சொல்லியும் உங்களை அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கே இல்லை. ஆள் இல்லாத கடைத்தெருவில் கடை போட்டு என்ன பயன்?

இன்ஸ்டாகிராம் உங்கள் தொழிலுக்கு வேண்டும், அதை நீக்கச் சொல்லவில்லை. அதன் பலவீனத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிசினஸ் கணக்கைப் பிரைவேட்டாக வைக்க முடியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை வேண்டுமென்றால் கணக்கு திறந்துதான் இருக்க வேண்டும் என்பது அதன் கட்டமைப்பு. இதில் பிள்ளைகள்தான் அதிகம் சிக்கினார்கள். பார்வையாளர் எண்ணிக்கை தெரிய வேண்டும் என்பதற்காகவே பல நாடுகளில் சிறுவர் சிறுமியர் பிசினஸ் கணக்குக்கு மாறினார்கள், அப்போது அவர்களுடைய எண்ணும் மின்னஞ்சலும் பொதுவெளியில் தெரிந்தன. இதற்காக 2022 செப்டம்பரில் அதே அயர்லாந்து ஆணையம் 40.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. இதுபோன்ற தண்டனைகளுக்கும் விமர்சனங்களுக்கும் பிறகு 2024 செப்டம்பரில் 'டீன் அக்கவுண்ட்' முறை அறிமுகமானது, 2025-ல் இந்தியாவுக்கும் வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்கு தொடக்கத்திலேயே பிரைவேட்டாக இருக்கும், அவர்கள் பின்தொடராதவர்கள் நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழ் என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். இது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து, ஏனெனில் பெரும்பாலானோர் செட்டிங்ஸைத் தொடுவதே இல்லை. நிறுவனம் தொடக்கத்தில் எப்படி வைக்கிறதோ அப்படியேதான் கடைசிவரை இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் கணக்குத் தொடங்கும்போது கொடுத்த பிறந்த தேதியின் மேல் நிற்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பில் பெரியவள் என்று சொல்லிக் கணக்குத் தொடங்கியிருந்தால் அவளுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. திட்டாமல் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தொழிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தையல் தொழில் செய்யும் பலரின் ஸ்டோரியில், கூரியருக்குத் தயாரான பார்சல்களை அடுக்கி வைத்து எடுத்த படம் இருக்கும். கவரின் மேல் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, எண் மூன்றும், 'அனுப்புநர்' என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரியும் எழுதியிருக்கும். உங்கள் குடியிருப்பின் பெயர் அவனுக்குத் தெரிய வந்த வழி இதுவாகவும் இருக்கலாம். பழைய ஹைலைட்டுகளை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத மற்ற தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்விட்டர், கணக்கின் பாதுகாப்புக்கு என்று வாங்கிய தொலைபேசி எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022-ல் அமெரிக்காவில் 15 கோடி டாலர் கட்டியது. எக்ஸ் என்று பெயர் மாறிய பின், 2024 முதல், நீங்கள் பிளாக் செய்தவரும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்க முடிகிறது, பதில் எழுதவோ பின்தொடரவோ நேரடியாகச் செய்தி அனுப்பவோதான் முடியாது. பின்தொடர்ந்து தொல்லை தருபவன் இருக்கும்போது இது பெரிய வேறுபாடு. ஸ்னாப்சாட்டில் அனுப்பியது மறைந்துவிடும் என்ற வாக்குறுதி உண்மையல்ல என்று 2014-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டிவிட்டது. மறைகிற செய்தி எதுவானாலும், எதிரே இருப்பவர் இன்னொரு கைப்பேசியால் படமெடுத்துவிடலாம்.

செய்திகளைப் படிக்காமலேயே பாதுகாப்பைக் கூட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு நம் மாநிலத்தோடு தொடர்புடையது. 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரை, குழந்தை கடத்துபவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் அடித்துக் கொன்றது. நாடெங்கும் இப்படிப் பல சாவுகள் நடந்தன. அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை 5 உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர முடியாது என்று வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று அதை இறுக்கியது. ஒரு செய்தியைக்கூட நிறுவனம் படிக்கவில்லை, மறையாக்கத்தைத் தொடவில்லை, பரவும் வேகத்தை மட்டும் குறைத்தது. தனியுரிமையா பாதுகாப்பா என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்த அம்மாவின் உயிருக்குப் பிறகுதான் அது வந்தது என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

புகார் அளிக்கும் வசதிகளில் தமிழர்களுக்குத் தனியாக ஒரு குறை இருக்கிறது. என் மாணவி ஒருவரின் படத்தின் கீழ், ஆங்கில எழுத்தில் தமிழ்க் கெட்ட வார்த்தைகளை எழுதிய பின்னூட்டங்கள் பத்துக்கும் மேல் வந்தன. அவற்றை ஒரு பெரிய தளத்திடம் புகார் செய்தோம். எங்கள் விதிகளை மீறவில்லை என்ற ஒரே பதில் எல்லாவற்றுக்கும் வந்தது. அதே வசவை ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஒரு பின்னூட்டம் மட்டும் ஒரு மணி நேரத்தில் நீக்கப்பட்டது. எல்லாத் தளங்களும் எப்போதும் இப்படித்தான் என்று ஒரு நிகழ்வை வைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆயினும் முதல் பதிலோடு சோர்ந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒருவரைப் புகார் செய்தால், அவர் அனுப்பிய கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குச் செல்லும், அவருக்கு அது தெரியவராது.

இதுவரை சொன்னவற்றில் எதை முழுதாக நம்பலாம், எதை ஒரு நிறுவனத்தின் வாக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சிக்னலின் மறையாக்க முறையைச் சுயேச்சையான ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்திருக்கிறார்கள், வாட்ஸ்அப் பயன்படுத்துவதும் அதே முறைதான், இது உறுதி. எண் யாருக்குத் தெரிகிறது, குழுவில் யார் சேர்க்க முடிகிறது என்பவை இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து நீங்களே சோதிக்கக் கூடியவை, இவையும் உறுதி. சேகரித்த விவரங்களை நிறுவனம் உள்ளே என்ன செய்கிறது என்பது அப்படியல்ல. வாட்ஸ்அப் 2021-ல் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்றது தொடர்பாக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. வெளியிலிருந்து சோதிக்க முடியாத வாக்குறுதி எந்தத் தளத்துடையதாக இருந்தாலும், நான் அதைச் சந்தேகத்தின் பக்கம்தான் வைப்பேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்த ஆளைப் பிளாக் செய்யாதீர்கள். அவன் எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி எல்லாச் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் தொடர்பு கொள்ள வேண்டாம் என்று ஒரே ஒருமுறை தெளிவாக எழுதுங்கள், அதையும் படமெடுங்கள், அதன்பின் ஒரு சொல்லும் பதில் வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதைக் குற்றம் என்கிறது. அதனால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. பிறகு புகார் செய்து பிளாக் செய்யுங்கள். அப்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், வேப்பேரியில் ஆணையர் அலுவலகத்திலும் கொடுக்கலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது. தமிழகத்தில் பெண்களுக்கான உதவி எண் 181. மாற்றி ஒட்டிய படமோ அந்தரங்கப் படமோ வெளிவந்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் அத்தகைய படங்களை நீக்க 24 மணி நேரக் கெடு வைத்தன. அவருடைய முடிவு திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

அடுத்ததாக, தொழிலுக்கு வேறு சிம் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸை அதில் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் அந்த எண் மட்டுமே தெரியட்டும். வங்கிக்கும் ஓடிபிக்கும் இருக்கும் எண் எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது. பழைய எண்ணில் முகப்புப் படம், லாஸ்ட் சீன், குழுவில் சேர்க்கும் உரிமை மூன்றையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள், தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வையுங்கள். குடியிருப்புக் குழுவின் அட்மினிடம் பேசி, அறிவிப்புகளை மட்டும் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாக மாற்றச் சொல்லுங்கள். அதில் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மின்களுக்குத் தெரியும். மகளின் டெலிகிராமில் எண்ணை 'யாருக்கும் இல்லை' என்றும், குழுவில் சேர்க்கும் உரிமையை 'தொடர்புகள்' என்றும் மாற்றிவிட்டு, பாடக் குறிப்புகளுக்குக் குழுவைவிடச் சேனல்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள், ஏனெனில் சேனலில் ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. புதிதாக டெலிகிராமில் சேர்ந்தால் அவள் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் டெலிகிராம் பயனர்களுக்கு அறிவிப்புப் போகும் என்பதையும் சொல்லி வையுங்கள். என் மாணவி ஒருவருக்குப் பழைய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடமிருந்து, அவர் டெலிகிராமில் சேர்ந்த அன்று மாலையே வணக்கம் வந்தது.

இவற்றையெல்லாம் இந்த வாரத்துக்குள் நிதானமாகச் செய்யலாம், ஒன்றைத் தவிர. அவன் அனுப்பிய செய்திகளில் உங்கள் வீட்டு எண்ணோ, மகளின் பெயரோ, அவள் பள்ளி விட்டு வரும் நேரமோ எங்காவது இருந்தால், நாளை வரை காத்திருக்காமல் இன்றிரவே 181-க்குப் பேசிவிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.